மாசிப் பனியும் மஸ்டர் மணியும்

தை முடிந்து மாசி பிறக்கும் நாட்களில் ஆண்டுதோறும் ஒரு படம் பத்திரிகைகளில் வருகிறது. மூணாறு மலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும் படம். மூணாறில் பனிப்பொழிவு, சுற்றுலாப் பயணிகள் குதூகலம் என்று அதன் கீழே ஒரு வரி. அதைப் பார்த்துவிட்டுக் கொச்சியிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் கார்கள் மலையேறுகின்றன. விடுதிகள் நிரம்புகின்றன. அந்த வெள்ளைப் புல்லை மிதித்துக்கொண்டு அதே காலையில் கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் படம் மட்டும் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை.

குளிரைக் காசு கொடுத்துப் பார்க்க வருகிறவர்கள் ஒரு பக்கம். குளிரில் நின்று கூலி வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். முதலாமவரை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் வந்தால் நம் பிள்ளைகளில் சிலருக்கு ஜீப் ஓட்டவும் கடை வைக்கவும் வழி பிறக்கிறது. ஆனால் இந்தப் பருவத்தின் வானிலை யாருக்காகச் சொல்லப்படுகிறது, யாருக்குச் சொல்லப்படாமல் போகிறது என்ற கேள்வியை இந்த மாதம் நாம் கேட்டே ஆக வேண்டும். அது நம் கூலியையும் நம் கூரையையும் நம் உயிரையும் தொட்ட கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மூணாறில் விழுவது இமயமலையில் விழும் பனி அல்ல. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகக் கொட்டும் பனிப்பொழிவு நம் மலைகளில் இல்லை. இங்கே இருப்பவை மூன்று. காலையில் ரோட்டை மறைக்கும் மூடுபனி ஒன்று. விடியுமுன் இலையிலும் புல்லிலும் முத்து முத்தாக நிற்கும் நீர்ப்பனி இன்னொன்று. அந்த ஈரம் அங்கேயே உறைந்து வெள்ளைப் பொடியாகும் உறைபனி மூன்றாவது. தமிழில் எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் செய்கிற கெடுதல் வேறு வேறு. மூடுபனி ஜீப்பைக் கவிழ்க்கும். நீர்ப்பனி இடுப்புவரை சேலையை நனைக்கும். உறைபனி தேயிலையைக் கருக்கும், அதோடு நம் கூலியையும் கருக்கும்.

உறைபனி எப்போது விழும் என்பது மலையில் பிறந்து வளர்ந்த நம் பெரியவர்களுக்குத் தெரியும். மேகமில்லாத வானம், காற்றில்லாத இரவு, நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்தால் மறுநாள் காலை வெள்ளை விரிந்திருக்கும் என்பார்கள். விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்குத் திருப்பி விட்டுவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வையைப்போல் மூடிக்கொண்டு சூட்டைத் தடுக்கும். மேகம் இல்லையென்றால் தடுக்க ஒன்றுமில்லை. குளிர்ந்த காற்று கனமானது. ஆகவே அது மேட்டில் நிற்காமல் சரிவு வழியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டு லயத்தில் குளிர் மட்டும் இருக்க, சதுப்பு ஓரத்திலும் ஓடைக் கரையிலும் உள்ள காடுகள் வெளுத்துக் கிடக்கின்றன. செண்டுவாரை, சைலன்ட்வேலி, லெட்சுமி, குண்டளை, தேவிகுளம் என்று ஆண்டுதோறும் நம் காதில் விழும் பெயர்கள் இந்தக் கதைக்குச் சாட்சி.

இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டும். வானிலைக்காரர் வைக்கும் வெப்பமானி ஒரு மரப்பெட்டிக்குள் ஆள் மார்பளவு உயரத்தில் இருக்கிறது. புல்லும் தேயிலைத் தளிரும் இருப்பது அதற்குக் கீழே, திறந்த வானத்தின் அடியில். அந்தப் பெட்டிக்குள் 2 அல்லது 3 டிகிரி காட்டும் காலையிலும் தரையில் தண்ணீர் உறைந்திருக்கக் கூடும். ஆகவே "இன்று குறைந்தபட்ச வெப்பநிலை 3 டிகிரிதானே" என்று யாராவது சொன்னால், அது பெட்டிக்குள் இருந்த குளிர்; நம் கால் மிதித்த குளிர் அல்ல.

இப்போது முன்னறிவிப்புக்கு வருவோம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் தொடங்கப்பட்டது. 150 ஆண்டு அனுபவமுள்ள அந்தத் துறை இன்று பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் பிரித்து மாவட்டந்தோறும் எச்சரிக்கை விடுகிறது. நல்ல காரியம். ஆனால் இடுக்கி மாவட்டம் என்பது ஒரே இடமா? தொடுபுழா தாழ்வாரமும் இடுக்கிதான், 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடியும் இடுக்கிதான். பாலக்காட்டு மாவட்டத்திலும் அப்படியே. வாளையாரும் சிற்றூரும் சமவெளி, நெல்லியாம்பதி மலை. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அப்படியிருக்க, மாவட்டம் முழுவதற்கும் ஒரே நிறம் பூசினால் யாருக்கு என்ன விளங்கும்? பாலக்காட்டில் விசிறி சுற்றுகிற அதே ராத்திரியில் மூணாறில் கம்பளி போதாமல் பிள்ளைகள் அழுகின்றன.

மலைக்கு அப்பால் பாருங்கள். சென்னையிலுள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் குளிர்காலத்தில் நீலகிரி மலைக்கும் கொடைக்கானலுக்கும் தரை உறைபனி ஏற்படக் கூடும் என்று பெயர் குறிப்பிட்டே எச்சரிக்கிறது. அதே மலைத்தொடர், அதே உயரம், அதே தேயிலை. எல்லைக் கோட்டைத் தாண்டியதும் குளிர் மாறிவிடவில்லை. தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு தாலுகாக்களுக்கும் நெல்லியாம்பதிக்கும் அதேபோல் பெயர் சொல்லி, தாலுகா அளவில், தவறாமல் உறைபனி எச்சரிக்கை வேண்டும். இது பெரிய வரம் ஒன்றும் அல்ல.

உறைபனி விழுந்தால் தோட்டத்தில் என்ன நடக்கிறது? தளிரின் உள்ளே இருக்கும் நீர் உறைந்து அதன் நுண்ணறைகள் கிழிகின்றன. பிறகு சூரியன் சுள்ளென்று அடிக்கும்போது இலை வெந்ததுபோல் செம்பழுப்பாகிக் கருகுகிறது. விடியுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவதும், இளஞ்செடிகளைக் காய்ந்த புல்லால் மூடுவதும் இதைத் தடுக்கும் வழிகள். அந்தத் தண்ணீரைத் தெளிக்கவும் அந்தப் புல்லைப் போர்த்தவும் இருட்டோடு எழுந்து போகிறவர்களும் நாமே. 2019 ஜனவரியில் மூணாறுப் பகுதியில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 3 டிகிரி வரை இறங்கியதாகச் செய்திகள் வந்தன. நாள்கணக்கில் உறைபனி நீடித்து ஏராளமான தேயிலைக் காடுகள் கருகின. கருகிய செடி திரும்பத் தளிர்விட வாரங்கள் ஆகும். அதன்பின் வருவதோ மழையில்லாத மாசி, பங்குனி. கொழுந்து வரத்து எப்படியும் குறைந்திருக்கும் காலம் அது.

கொழுந்து குறைந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் குறிப்பிட்ட அளவுக்கு மேல் எடுத்த கொழுந்துக்குக் கிடைக்கும் கூடுதல் காசு நின்றுபோகும். வீட்டில் அடுப்பெரிவதற்கும் பிள்ளையின் பஸ் கட்டணத்துக்கும் அந்தக் கூடுதல் காசைத்தான் நம் தாய்மார்கள் நம்பியிருக்கிறார்கள். நஷ்டம் நிர்வாகத்துக்கும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நிர்வாகத்தின் நஷ்டம் கணக்கில் ஏறுகிறது, அறிக்கையாகிறது, வாரியத்துக்குப் போகிறது. நம் நஷ்டம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

பேரிடர் நிவாரணத்துக்கு மத்திய அரசு வகுத்திருக்கும் பட்டியலில் வெள்ளம், நிலச்சரிவு, வறட்சி ஆகியவற்றோடு உறைபனியும் குளிர் அலையும் இடம்பெற்றிருக்கின்றன என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த நிவாரணத்தில் பயிர் நஷ்டத்துக்கு உதவி பெறுகிறவர் நிலம் வைத்திருப்பவர். நிலம் இல்லாமல் அந்தப் பயிரிலேயே காலமெல்லாம் நிற்கிறவருக்கு, இழந்த கூலிக்கு, அந்தப் பட்டியலில் ஒரு வரி கூட இல்லை. பயிருக்கு உறைபனி பேரிடராம். பயிரைத் தொடும் கைக்கு அது வெறும் குளிராம்!

இனி சமவெளிப் பக்கம் வருவோம். வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்று சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்ட இடம் பாலக்காட்டுக் கணவாய். மார்கழியிலிருந்து மாசி வரை கோவைப் பக்கத்திலிருந்து வறண்ட கீழைக்காற்று அதன் வழியே பாய்ந்து வருகிறது. உதடு வெடிக்கும், கண் எரியும், மாசி பாதியிலேயே வெயில் கோடையைப்போல் ஏறிவிடும். கொழிஞ்சாம்பாறை, முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளில் வேலை செய்கிற நம் குடும்பங்களுக்கு இது வேறு ஒரு சோதனை. பூத்த மாம்பூவில் பனியும் தவறிய மழையும் இறங்கினால் பூச்சியும் நோயும் பிடிக்கும், காய் குறையும், பறிப்பு வேலை நாட்கள் சுருங்கும். நெல் அறுப்பு நேரத்தில் மழை வந்தால் வயலில் கதிர் சாயும். 2021 ஜனவரியில் கேரளம் முழுவதும் பருவம் தவறிப் பெய்த பெருமழை நினைவிருக்கும். காயப் போட்ட மிளகும் காப்பிக்கொட்டையும் களத்திலேயே கெட்டன. பின்பனிக் காலத்து மழை காப்பிக்குப் பூமழையாக வந்தால் நன்மை. அதே மழை பத்து நாள் முந்தி வந்தால் கேடு. நாள் கூலிக்கு வருகிறவருக்கோ எந்த மழையும் அன்றைய கூலி போன மழைதான்.

இந்தச் சமவெளி வெயிலுக்கு அரசாங்கம் ஒரு நல்ல ஏற்பாடு செய்திருக்கிறது. வெயில் கடுமையாகும் மாதங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று கேரளத் தொழிலாளர் துறை ஆண்டுதோறும் உத்தரவிடுகிறது. 2025-ல் பிப்ரவரி 11-ம் தேதியிலிருந்தே அது அமலுக்கு வந்தது. வேலை நேரம் மாறும், கூலி குறையாது. இதை நாம் மனமார வரவேற்கிறோம். தொழிலாளியின் உடம்பும் வானிலைக்கு உட்பட்டது என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்ட உத்தரவு இது.

ஆனால் அதே உத்தரவில் ஒரு விலக்கு உண்டு. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேற்பட்ட இடங்களுக்கு இது பொருந்தாது. அங்கே வெயில் தாக்காது என்பது காரணம். சரி, வெயில் தாக்காது. ஒப்புக்கொள்வோம். 3,000 அடிக்கு மேலே என்ன தாக்கும் என்று யாராவது கேட்டார்களா? வெயிலுக்கு நேரம் மாற்றிய கை, உறைபனிக்கு நேரம் மாற்ற ஏன் நீளவில்லை? கீழே வேலையை நிறுத்தச் சூரியன் காரணமாகலாம் என்றால், மேலே சூரியன் வரும்வரை வேலையைத் தள்ளிவைக்க உறைபனி காரணமாகக் கூடாதா? நாம் கேட்பது அதிகமில்லை. உறைபனி விழுந்த காலையில் மஸ்டரை ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ தள்ளிவையுங்கள். அதற்காக அரைப்பேர் போடாதீர்கள்.

"குளிர் மலைக்காரனுக்குப் பழகிப்போன சமாச்சாரம்" என்று சில அதிகாரிகள் சிரிப்பார்கள். பழகிப்போனது உண்மைதான். நம் பாட்டன்மார் கம்பத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கங்காணி பின்னால் நடந்து மலையேறிய காலம் முதல் பழகிக்கொண்டுதான் இருக்கிறோம். விரல் நுனி வெடிப்பதும், மூட்டு வீங்குவதும், மாசி முழுக்க நெஞ்சு இரைப்பதும் பழக்கமாகிவிட்டன. நோய் பழகிவிட்டது என்பதால் அது நோயல்ல என்று ஆகிவிடுமா?

இதில் சட்டம் நம் பக்கம் இருந்திருக்கிறது என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1951-ம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி வழங்கும்படி மாநில அரசு விதி செய்யலாம் என்று சொல்லியது. 1979-ம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையிலான குடிபெயர்ந்த தொழிலாளர் சட்டம், ஒப்பந்தக்காரர் மூலம் வரும் தொழிலாளிக்குத் தங்கும் இடமும் மருத்துவ வசதியும் பாதுகாப்பு உடையும் தர வேண்டும் என்று விதித்தது. கம்பளி என்பது முதலாளி கருணை காட்டித் தரும் தீபாவளிப் பரிசு அல்ல, சட்டத்தில் எழுதப்பட்ட சொல். சங்கம் கட்டிய நம் முன்னோர் போராடிப் பெற்ற சொல்.

அந்த இரண்டு சட்டங்களும் இன்று தனித்தனியாக இல்லை. 2020-ல் நாடாளுமன்றம் இயற்றிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டத்துக்குள் அவை அடக்கப்பட்டுவிட்டன. அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. பழைய சட்டத்தில் இருந்த குடையும் கம்பளியும் மழைக்கோட்டும் புதிய விதிகளிலும் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். "தேவையான வசதிகள்" என்று பொதுவாக எழுதினால் அதற்கு என்ன அர்த்தம் என்பதை யார் தீர்மானிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். எந்தச் சங்கத்தில் இருந்தாலும் சரி, எந்தக் கொடியைப் பிடித்தாலும் சரி, இந்த ஒன்றில் நம் தலைவர்கள் ஒரே குரலில் பேச வேண்டும்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று நம் ஊர்ப் பழமொழி. மச்சு வீட்டுக்கே அந்தக் கதி என்றால் லயத்துத் தகரத்தின் கதி என்ன? பல தோட்டங்களில் இன்னும் துரைமார் காலத்து லயங்களிலேயே குடியிருக்கிறோம். ராத்திரியில் தகரத்தின் அடியில் மூச்சுக்காற்று நீராகி விடியுமுன் பாயில் சொட்டுகிறது. குளிர் தாங்காமல் சிலர் கரியடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தாய்மார்களே, இதை மட்டும் செய்யாதீர்கள். மூடிய அறையில் கரி கனன்றால் மணமில்லாத நஞ்சுக் காற்று பரவி, தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். உள்ளே அடுப்பு இருந்தால் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கட்டும். படுக்குமுன் கரியை வெளியே வைத்துவிடுங்கள்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது பெட்டிமுடியைப் பேசாமல் இருக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு, ராஜமலைக்கு அருகே நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடியில் மலை சரிந்து நான்கு லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். அவர்களில் நால்வரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. மாண்டவர்களில் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறுப் பகுதியை வேராகக் கொண்ட தமிழ்க் குடும்பங்கள். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்ததால் அன்றிரவு நடந்தது மறுநாள் காலையில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. அங்கே இறந்தவர் குடும்பத்துக்கு மாநில அரசு 10 லட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 லட்சம். அந்த வித்தியாசத்தை மலையில் யாரும் மறக்கவில்லை.

அது ஆடி மழை, இது மாசிப் பனி. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பழைய தோட்டச் சட்டத்தில், முதலாளி தந்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தாரோ இறந்தால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் இடிந்ததற்குக் காரணம் இயற்கைச் சீற்றம் மட்டுமே என்றால் பொறுப்பு இல்லை. இங்கேதான் வானிலை வழக்காகிறது. எந்த இழப்பையும் இயற்கையின் மேல் போட்டுவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முன்கூட்டியே அறியக் கூடிய மழையை, முன்கூட்டியே அறியக் கூடிய உறைபனியை அறிந்து சொல்லாமல் இருப்பதும் இயற்கைதானா? 2024 ஜூலை 30-ல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலையில் மலை இறங்கி வந்தபோது, எச்சரிக்கை கொடுத்தோம் என்று மத்திய அரசும், உரிய அளவில் வரவில்லை என்று மாநில அரசும் வாதாடிக்கொண்டன. அந்த வாதத்தில் ஒரு கேள்வி மட்டும் எழவில்லை: அந்த எச்சரிக்கை லயத்துக்கு வந்து சேர்ந்ததா?

ஜீப்பில் வருகிறவர்களின் கதையும் இதுவே. போடி, தேவாரம், கம்பம், உத்தமபாளையம் பக்கத்திலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கான பெண்கள் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏறுகிறார்கள். விடியற்காலை இருட்டு, கொண்டை ஊசி வளைவு, முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கே தெரியாத மூடுபனி. ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொன்னால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார். தாமதமாகப் போனால் அன்றைய பேர் கிடைக்காது என்ற பயத்தில்தான் டிரைவர் விரட்டுகிறார். ஆகவே குற்றம் டிரைவரோடு முடிவதில்லை, வேலைக்கு ஏறும் நேரத்தை வைத்தவரிடமும் அதற்குப் பங்கு உண்டு. மூடுபனி நாளில் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளத் தோட்டத்துக்காரர் சம்மதித்தால் எத்தனையோ வீடுகளில் ராத்திரி விளக்கெரியும்.

இனி மொழி. கேரளத்தில் எச்சரிக்கைகள் பெரும்பாலும் மலையாளத்தில் வருகின்றன. நம் பிள்ளைகள் மலையாளம் படிக்கிறார்கள். நமக்கும் அந்த மொழியோடு பகையில்லை. ஆனால் மழை எச்சரிக்கையை ஒரு பாட்டி தன் பேரன் பள்ளியிலிருந்து வந்து படித்துச் சொல்லும்வரை காத்திருக்க முடியுமா? 1969-ம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம் என்கிறது. மனு கொடுக்கத் தமிழ் செல்லும் என்றால் உயிர் காக்கும் எச்சரிக்கைக்குத் தமிழ் செல்லாதா? தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலை, சிற்றூர் தாலுகாக்களில் தாலுகா அலுவலகமும் பஞ்சாயத்தும் எச்சரிக்கையைத் தமிழிலும் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் எல்லாம் வருகிறதே என்பார்கள். வருகிறது. 2019 முதல் விவசாயிகளுக்காக வந்த மேகதூத் செயலியில் தமிழும் உண்டு. படித்த பிள்ளைகள் அதை இறக்கிக்கொண்டு வீட்டாருக்குச் சொல்லட்டும். ஆனால் பல லயங்களில் மரத்தடியில் நின்றால்தான் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும். பெட்டிமுடியில் அந்த இரவு ஒரு கோடும் இல்லை. ஆகவே கைப்பேசியை மட்டும் நம்பச் சொல்வது போதாது. தோட்டங்களில் துரைமார் காலத்திலிருந்தே மழைமானி வைத்து அன்றாடம் கணக்கெழுதும் வழக்கம் உண்டு. அந்தக் கணக்கு ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. அதை மஸ்டர் இடத்தில் ஒரு கரும்பலகையில் எழுதிப் போட எத்தனை காசு செலவாகும்? நேற்று எத்தனை மில்லிமீட்டர் மழை, ராத்திரி எத்தனை டிகிரி குளிர், நாளை என்ன எச்சரிக்கை என்று மூன்றே வரி. ஒரு சாக்குக்கட்டி போதும்.

ஆகவே நம் கோரிக்கைகளை இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

1. தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு தாலுகாக்களுக்கும் நெல்லியாம்பதிக்கும் உயரத்தைக் கணக்கில் கொண்டு தனி முன்னறிவிப்பும் உறைபனி எச்சரிக்கையும் வேண்டும்.

2. வெயிலுக்கு வேலை நேரத்தை மாற்றியதுபோல், உறைபனி நாட்களில் 3,000 அடிக்கு மேற்பட்ட தோட்டங்களில் காலை மஸ்டர் நேரத்தை மாற்றித் தொழிலாளர் துறை உத்தரவிட வேண்டும். அதற்காகக் கூலி குறையக் கூடாது.

3. உறைபனியால் கொழுந்து குறைந்த வாரங்களில் குறைந்தபட்சக் கிலோ அளவைத் தளர்த்த வேண்டும். பேரிடர் நிவாரணத்தில் தொழிலாளியின் இழந்த கூலிக்கும் இடம் வேண்டும்.

4. குடை, கம்பளி, மழைக்கோட்டு ஆகியவை மாநில அரசின் புதிய விதிகளில் பெயர் சொல்லி எழுதப்பட வேண்டும். நிரந்தரத் தொழிலாளி, தற்காலிகத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்ற பேதம் இதில் வேண்டாம். குளிர் அந்தப் பேதம் பார்ப்பதில்லை.

5. எல்லா எச்சரிக்கைகளும் தமிழிலும் மஸ்டர் பலகையில் எழுதப்பட வேண்டும், ஒலிபெருக்கியில் சொல்லப்பட வேண்டும்.

இவை அத்தனையும் நாளையே கிடைத்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. 2015 செப்டம்பரில் மூணாறு வீதியில் நம் பெண்கள் ஒன்பது நாள் உட்கார்ந்தபோது 20 சதவீத போனஸ் கிடைக்கும் என்று யாரும் நம்பவில்லை. எந்தத் தலைவரையும் முன்னால் நிறுத்தாமல் அவர்களே பேசினார்கள், அவர்களே பெற்றார்கள். கம்பளியும் கரும்பலகையும் அதைவிடப் பெரிய கோரிக்கை அல்ல.

அதுவரை நாம் செய்யக் கூடியதும் உண்டு. ஒவ்வொரு லயத்திலும் கைப்பேசி உள்ள ஒரு இளைஞரோ ஒரு பெண்ணோ மாலையில் முன்னறிவிப்பைப் பார்த்துப் பக்கத்து வீடுகளுக்குச் சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். உறைபனி விழுந்த நாளையும், அன்று மஸ்டர் எத்தனை மணிக்கு நடந்தது, யாருக்கு அரைப்பேர் விழுந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். அடுத்த பேச்சுவார்த்தைக்கு நம் பிரதிநிதிகள் போகும்போது அந்த நோட்டு அவர்கள் கையில் இருக்க வேண்டும். நிர்வாகம் தன் கணக்கைக் கொண்டுவரும். நாம் நம் கணக்கைக் கொண்டுபோவோம்.